ஆர்க்டிக் காற்றில் பனிக்கருத் துகள்களை எண்ணுவது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். மேகத்துக்குள் அந்தக் கணக்கு செல்லாது. கலப்பே இல்லாத சின்னஞ்சிறு நீர்த்துளி மைனஸ் 35, மைனஸ் 38 டிகிரி வரைகூடத் திரவமாகவே மிதந்துகொண்டிருக்கும். (இங்கே வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.) அதற்கு முன்பே அது உறைய வேண்டுமானால், பனிப்படிகம் கட்டத் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். மண்தூசியின் ஒரு மூலையோ, ஒரு பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் புரதமோ, கடல்நுரையோடு கிளம்பிவந்த கரிமப்பொருளோ அந்தப் பிடிமானத்தைத் தரலாம். அப்படித் தரும் துகளைத்தான் பனிக்கருத் துகள் என்கிறோம்.

ஆர்க்டிக்கின் தாழ்வான மேகங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும்: பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாத மீக்குளிர்ந்த நீர்த்துளிகள், கூடவே பனிப்படிகங்கள். நாள்கணக்கில் அப்படியே நீடிக்கும். படிகங்கள் பெருகினால் அவை நீராவியை இழுத்துக்கொண்டு வளரும், துளிகள் ஆவியாகி மெலியும், படிகம் கனத்துக் கீழே விழும், மேகம் வெளுத்துப்போகும். வெகனர், பெர்ஜெரான், ஃபிண்டைசன் ஆகிய மூவர் பெயரால் வழங்கும் நிகழ்வு இது. துளிகள் அடர்ந்த மேகம் துருவ இரவில் தரைக்குப் போர்வை மாதிரி. போர்வை விலகினால் கீழே உள்ள கடல்பனி சட்டென்று குளிரும். கோடைச் சூரியன் இருக்கும்போது அதே மேகம் ஒளியைத் திருப்பி அனுப்பவும் செய்யும். ஆக, கண்ணுக்கே தெரியாத கொஞ்சம் துகள்கள் எத்தனை இருக்கின்றன என்பது அந்த வட்டாரத்தின் வெப்பக் கணக்கையே தொடும். அதனால்தான் இவ்வளவு பாடுபட்டு எண்ணுகிறோம்.

எவ்வளவு பாடு என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். தூய்மையான ஆர்க்டிக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 துகள் என்று வையுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு லட்சம். மைனஸ் 15 டிகிரியில் வேலை செய்யும் பனிக்கருத் துகள் ஒரு லிட்டருக்கு 0.001 இருக்கிறது என்று வைத்தால், ஆயிரம் லிட்டருக்கு ஒன்று. அதாவது பத்துக் கோடித் துகளில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தேடும்போது உங்கள் கையுறையிலிருந்து ஒரு துகள் விழுந்தால், அளவு இரட்டிப்பாகிவிடும். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் இதுதான்: எதையும் பிடிக்காத வெற்று வடிகட்டிக்கு, காற்றைப் பிடித்த வடிகட்டிக்குக் கொடுக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

முதல் படி: எந்த வெப்பநிலைக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

“பனிக்கருத் துகள் எவ்வளவு?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த வெப்பநிலையில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வெப்பநிலை இறங்க இறங்க எண்ணிக்கை பலமடங்காகப் பெருகும். மைனஸ் 10-ல் பத்தாயிரம் லிட்டருக்கு ஒன்று கிடைப்பதே அரிதாக இருக்கும் அதே காற்றில், மைனஸ் 25-ல் தாராளமாகக் கிடைக்கும். ஆர்க்டிக்கின் தாழ்மேகங்கள் பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கும் மைனஸ் 25-க்கும் இடையில் இருப்பவை. எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் பகுதியே நமக்கு அதிகம் தேவைப்படும் பகுதி என்பதுதான் சிக்கல்.

கருவித் தேர்வும் இதிலிருந்தே வருகிறது. காற்றை உள்ளிழுத்து அங்கேயே, அப்போதே உறையவைத்து எண்ணும் நேரடிக் கருவிகள் இருக்கின்றன. பனி பூசிய குளிர்ந்த சுவர்களுக்கு நடுவே காற்றை ஓடவிடும் தொடர் ஓட்டப் பரவல் அறை ஒரு வகை. காற்றைத் திடீரென விரியவைத்துக் குளிர்விக்கும் ‘பைன்’ போன்ற விரிவறைகள் இன்னொரு வகை. மைனஸ் 25, மைனஸ் 30 பக்கம் அவை அருமையானவை. நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதைக் காட்டும். ஆனால் தொடர் ஓட்ட அறை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் இழுக்கும். ஆயிரம் லிட்டருக்கு ஒரு துகள் என்றால், ஒன்றைப் பார்க்கவே பதினாறு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனவே புதிதாகத் தொடங்குபவர் வடிகட்டியில் துகள்களைச் சேர்த்து, பிறகு ஆய்வகத்தில் நீரில் கழுவி உறையவைக்கும் முறையில் தொடங்குவதே நல்லது. செலவு குறைவு, குளிரில் பழுதாகும் பாகங்கள் குறைவு, மைனஸ் 5 முதல் மைனஸ் 25 வரை ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். இனி வரும் படிகளெல்லாம் இந்த முறைக்கானவை.

இரண்டாம் படி: இடமும் காலமும்

ஆர்க்டிக்கில் இந்த அளவீட்டுக்குப் பேர்போன இடங்கள் சில உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள நை-அலெசுண்ட், கனடாவின் வடகோடியில் அலர்ட், அலாஸ்காவில் முன்பு பாரோ என்று அழைக்கப்பட்ட உட்கியாக்விக், கிரீன்லாந்தின் வடகிழக்கில் வில்லும் நிலையம். இந்த நான்கு இடங்களின் வடிகட்டிகளையும் சேர்த்துப் பார்த்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, கோடையில்தான் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகிறது என்று காட்டியது. 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை போலார்ஸ்டெர்ன் ஆய்வுக்கப்பல் கடல்பனியில் சிக்கி மிதந்த மொசைக் பயணத்திலும் நடு ஆர்க்டிக்கின் ஆண்டுச்சுழற்சி இதே போக்கில்தான் இருந்தது.

புதியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். வசந்தகாலத்தில் தெற்கிலிருந்து புகை அடித்துவந்து ‘ஆர்க்டிக் மூட்டம்’ கட்டும். துகள் எண்ணிக்கை எகிறும். அப்போது பனிக்கருத் துகளும் எகிற வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். அப்படி நடப்பதில்லை. புகைத்துகள்களில் பெரும்பாலானவை இந்த வெப்பநிலைகளில் துளியை உறையவைக்காது. பனி உருகி மண்ணும் கடலும் வெளியே தெரியும் கோடையில், காற்று பார்ப்பதற்குத் தூய்மையாக இருக்கும்போதே, மைனஸ் 10-க்கு மேலேயே வேலை செய்யும் உயிரியல் துகள்கள் கிளம்புகின்றன. ஸ்வால்பார்டில் பனிப்பாறைகள் பின்வாங்கிய இடத்தில் கிடக்கும் வண்டல் தூசியும் அப்படித்தான். கனிமத்தோடு கொஞ்சம் கரிமப்பொருளும் ஒட்டியிருப்பதால் அதற்கு எதிர்பாராத வீரியம் உண்டு. உருகும் நிலத்தடி உறைமண்ணும் பெரிய களஞ்சியம். ஆகவே ஒரே மாதம்தான் அளக்க முடியும் என்றால், பருவம் மாறும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உயரத்தையும் யோசியுங்கள். நை-அலெசுண்டில் கடற்கரை ஊரிலும் அளக்கலாம், சுமார் 475 மீட்டர் உயரத்தில் மலைமேல் இருக்கும் ஸெப்பலின் நிலையத்திலும் அளக்கலாம். தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே உள்ள காற்றோடு கலக்காமல் தனியே தேங்கிக் கிடக்கும் நாள்கள் ஆர்க்டிக்கில் ஏராளம். அப்படிப்பட்ட நாளில் தரையில் எடுத்த மாதிரி, தலைக்கு மேலே நிற்கும் மேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கயிற்றில் கட்டிய பலூனில் வடிகட்டியை ஏற்றுகிறவர்கள் இதற்காகத்தான் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாம் படி: வடிகட்டியைத் தயார் செய்வது

47 மி.மீ. விட்டமுள்ள பாலிகார்பனேட் வடிகட்டி, துளை 0.2 மைக்ரோமீட்டர். இது பரவலாகப் பயன்படும் வகை. மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருப்பதால், பிடித்த துகளை நீரில் எளிதாகக் கழுவி எடுக்கலாம். நார்வடிகட்டியில் துகள் உள்ளே புதைந்துகொள்ளும்.

பெட்டியிலிருந்து எடுத்த வடிகட்டியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஆலையிலிருந்து வரும்போதே அதில் பனிக்கருக்கள் இருக்கும். 10 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவையுங்கள். பிறகு 0.1 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த அயனி நீக்கிய நீரில் பல தடவை அலசி, தூய காற்று வீசும் மேசையில் உலரவிடுங்கள். உலர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கிருமிநீக்கிய தனித்தனிப் பெட்டியில் போட்டு, பெட்டியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். வடிகட்டி பொருத்தும் தாங்கிகளுக்கும் இதே குளியல் தேவை.

இருபது வடிகட்டி தயார் செய்தால் அதில் இரண்டையாவது அப்போதே கழுவி உறையவைத்துப் பாருங்கள். அது ஆய்வக வெற்று மாதிரி. அதுவே மைனஸ் 15-க்கு மேலே உறைந்தால் மொத்தத் தொகுதியையும் மறுபடி கழுவுங்கள். ஆர்க்டிக்குக் கொண்டுபோன பிறகு கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

நான்காம் படி: காற்றைப் பிடிப்பது

கருவியின் அமைப்பு எளிமையானது. மழையும் பனியும் விழாதபடி கவிழ்ந்த குல்லா, அதன் கீழே வடிகட்டித் தாங்கி, குட்டையான குழாய், ஓட்டமானி, பம்ப். குழாய் நீண்டால் பெரிய துகள்கள் வழியிலேயே சுவரில் ஒட்டிக்கொள்ளும். பனிக்கருத் துகள்களில் கணிசமானவை ஒரு மைக்ரோமீட்டரைவிடப் பெரியவை என்பதால், அந்த இழப்பு நேராக உங்கள் விடையில் விழும்.

பம்பைக் குளிரைத் தாங்கும் காப்புப்பெட்டியில் வையுங்கள். ஓடும்போது வரும் சூடே பெரும்பாலும் அதற்குப் போதும். நின்று குளிர்ந்த பம்பைத் திரும்பக் கிளப்புவதுதான் கஷ்டம். பம்பின் வெளியேற்றும் குழாயைக் காற்று வீசும் திசையில், வடிகட்டியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். பம்புக்குள் தேயும் கார்பன் தகடுகளின் தூள் அதன் வழியாகத்தான் வரும்.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்? நிமிடத்துக்கு 20 லிட்டர், 24 மணி நேரம் என்றால் 28,800 லிட்டர். ஒரு லிட்டருக்கு 0.001 என்ற அளவில் வடிகட்டியில் சுமார் 29 பனிக்கருத் துகள்கள் சேரும். அளக்க அது போதும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டுவது சாதாரணம். ஓட்ட நேரம் கூடினால் உணர்திறன் கூடும். ஆனால் நடுவில் காற்று திசை மாறி, இரண்டு வெவ்வேறு காற்றும் ஒரே வடிகட்டியில் கலந்துவிடும். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, காற்றுத் தொகுதி மாறும் நேரத்தில் வடிகட்டியை மாற்றுவது என் வழக்கம். கடிகாரத்தை மட்டும் பார்த்து மாற்றுவதைவிட இது மேல்.

ஓட்டமானி காட்டும் லிட்டரை அப்படியே நம்பாதீர்கள். குளிர்காற்று அடர்த்தியானது. ஒரே அழுத்தத்தில், மைனஸ் 30 டிகிரியில் எடுத்த ஒரு லிட்டர் பூஜ்ஜியம் டிகிரிக்கு 1.12 லிட்டராகிவிடும். உங்கள் கருவி உண்மைக் கனஅளவைக் காட்டுகிறதா, தர நிலைக்கு மாற்றிக் காட்டுகிறதா என்பதை முதல் நாளே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்தது உள்ளூர்ப் புகை. டீசல் ஜெனரேட்டர், பனிச்சறுக்கு வண்டி, கப்பலின் புகைபோக்கி எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். மொசைக் பயணத்தில் தரவின் பெரும்பகுதியைக் கப்பல் புகைக்காகச் சலித்தெடுக்க வேண்டியிருந்தது. காற்று நிலையத்தின் பக்கமிருந்து வந்தால் பம்ப் தானாக நிற்கும்படி திசைமானியோடு இணைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு துகள் எண்ணியையும் ஓடவிடுங்கள். எண்ணிக்கை திடீரென்று ஊசிபோல் எழும்பினால் யாரோ வண்டி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பலத்த காற்றில் தரைப்பனி பறக்கும் நாளையும் தனியாகக் குறியுங்கள். பனித்தூள் வடிகட்டியில் ஏறி உருகினால், காற்றில் இருந்தது எது, பனியில் படிந்திருந்தது எது என்று பிரிக்கவே முடியாது.

ஐந்தாம் படி: வடிகட்டியை மாற்றும் அந்த ஐந்து நிமிடம்

அளவீடு பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வெளியே மைனஸ் 25 என்றால் வடிகட்டியை அங்கேயே மாற்றாதீர்கள். விரல்கள் இரண்டே நிமிடத்தில் மரத்துப்போகும். மரத்துப்போன விரலால் இடுக்கியைப் பிடித்தால் வடிகட்டி கிழியும். தாங்கியோடு கழற்றி, மூடி போட்டு, பைக்குள் வைத்து மூடி, அறைக்குள் கொண்டுவாருங்கள். வந்ததும் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் அறைக்காற்றின் ஈரம் படிந்து ஓடும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.

மேசையைத் துடையுங்கள். பவுடர் போடாத நைட்ரைல் கையுறை மாட்டுங்கள். இடுக்கியை ஆல்கஹாலில் துடைத்து, பிறகு தூய நீரில் அலசுங்கள். வடிகட்டியின் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி, பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். மூச்சை அடக்கிக்கொள்ளச் சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் முகக்கவசம் போடாமல் குனிந்து பேசிக்கொண்டே செய்யாதீர்கள்.

இப்போது கள வெற்று மாதிரி. புது வடிகட்டியைத் தாங்கியில் பொருத்தி, வெளியே கொண்டுபோய், குழாயில் மாட்டி, பம்பை ஓட்டாமலேயே கழற்றி, மேலே சொன்ன அத்தனை படிகளையும் அதற்கும் செய்யுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்றாவது இப்படி எடுக்க வேண்டும். கூடுதலாக எடுத்தால் இன்னும் நல்லது.

ஒரு பருவத்தில் எங்கள் கள வெற்று மாதிரி மைனஸ் 12-லேயே உறையத் தொடங்கியது. ஆய்வக வெற்று மாதிரியோ மைனஸ் 24 வரை அசையவில்லை. வடிகட்டி சுத்தம், தண்ணீர் சுத்தம். ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடந்து பார்த்தோம். களத்தில் இடுக்கியை உறையில் வைக்காமல் மேல்சட்டைப் பையில் செருகிக்கொண்டு போயிருந்தேன். பையில் இருந்த நார்த்தூசியும் தோல்செதிலும் போதுமானதாக இருந்தன. வெற்று மாதிரி எடுக்காமல் இருந்திருந்தால், ‘குளிர்காலத்திலும் உயிரியல் பனிக்கருக்கள்’ என்று பெரிய கண்டுபிடிப்பாக எழுதியிருப்போம்.

குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் மை அந்தக் குளிரில் இறுகிவிடும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம் (உலகப் பொது நேரத்தில்), கனஅளவு, வெப்பநிலை, அழுத்தம், காற்றின் திசை, யார் மாற்றியது, என்ன வித்தியாசமாக இருந்தது, எல்லாமே வேண்டும்.

எழுதி முடித்த கையோடு பெட்டியை மைனஸ் 20 உறைபெட்டியில் வையுங்கள். அறை வெப்பநிலையில் கிடந்தால் உயிரியல் துகள்கள் வீரியம் இழக்கும். ஊருக்கு அனுப்பும்போதும் உறைநிலை குலையக் கூடாது. பொட்டலத்துக்குள் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சின்னக் கருவி ஒன்றைப் போட்டு அனுப்புங்கள். விமான நிலையத்தில் ஒரு மதியம் வெயிலில் கிடந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: உறையவைத்து எண்ணுவது

ஆய்வகத்தில் வடிகட்டியைக் கிருமிநீக்கிய குழாயில் போட்டு, 10 மில்லிலிட்டர் தூயநீர் ஊற்றி, இருபது நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். துகள்கள் நீருக்குள் வந்துவிடும். 96 குழிகள் கொண்ட பிசிஆர் தட்டில் ஒவ்வொரு குழிக்கும் 50 மைக்ரோலிட்டர் பிப்பெட்டால் இறக்குங்கள். அதே தட்டிலோ பக்கத்துத் தட்டிலோ வெறும் நீரும் இருக்க வேண்டும். தட்டைக் குளிர்க்கட்டையில் உட்கார்த்தி, மேலே ஒரு கேமரா வைத்து, நிமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு டிகிரி முதல் ஒரு டிகிரி வரையிலான வேகத்தில் குளிர்வியுங்கள்.

முதல் தடவை கேமராவை நம்பாமல் நேரில் உட்கார்ந்து பாருங்கள். மைனஸ் 6, மைனஸ் 7 என்று இறங்கும், ஒன்றும் நடக்காது. 96 குழியும் கண்ணாடியாகத் தெரியும். மைனஸ் 9 அருகில் மூன்றாம் வரிசையில் ஏதோ ஒரு குழி, நீங்கள் கண்ணை இமைத்துத் திறப்பதற்குள், பால்வெள்ளையாகியிருக்கும். பக்கத்துக் குழிகள் அப்படியே தெளிவாக நிற்கும். அந்த ஒரு குழிக்குள் ஆர்க்டிக் காற்றில் மிதந்த ஒரு துகள் இருக்கிறது. எத்தனை தட்டு பார்த்தாலும் அந்த நொடி எனக்குச் சலித்ததில்லை.

வெப்பநிலை அளவில் கவனம் தேவை. கட்டையின் வெப்பநிலையும் குழிக்குள் இருக்கும் நீரின் வெப்பநிலையும் ஒன்றல்ல. ஓரக்குழிகள் நடுக்குழிகளைவிடப் பின்தங்கும். சில குழிகளில் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் மெல்லிய கம்பி) வைத்து, அரை டிகிரிக்குள் வரும்வரை திருத்துங்கள். செயற்கைப் பனி செய்யப் பயன்படும் ‘ஸ்னோமேக்ஸ்’ என்ற பாக்டீரியாப் பொடி ஏறத்தாழ மைனஸ் 3-லிருந்தே உறையவைக்கும். உங்கள் அமைப்பு அதைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கலாம். மைனஸ் 25-ஐத் தாண்டும்போது வெறும் நீரும் உறையத் தொடங்கும். இந்த முறையின் எல்லை அது.

ஏழாம் படி: கணக்கு

இதற்கான அடிப்படைச் சூத்திரம் 1971-ல் வளிமண்டல விஞ்ஞானி காபோர் வாலி கொடுத்தது. தர்க்கம் எளிது. ஒரு குழியில் ஒன்றுக்கு மேற்பட்ட பனிக்கருத் துகள் இருந்தாலும் அது ஒரே தடவைதான் உறையும். அதனால் உறைந்த குழிகளை அப்படியே எண்ணக் கூடாது. உறையாத குழிகளின் பங்கிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். உறையாத பங்கின் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றினால், ஒரு குழிக்குச் சராசரி எத்தனை துகள் என்று வரும். அதை 10 மில்லிலிட்டருக்குப் பெருக்கி, இழுத்த காற்றின் லிட்டரால் வகுத்தால் விடை.

நம் எடுத்துக்காட்டையே போடுவோம். மைனஸ் 15-ல் 96-ல் 13 குழிகள் உறைந்திருக்கின்றன. உறையாதவை 83; பங்கு 0.865, குழிக்குச் சராசரி 0.1455. மொத்தம் 10 மில்லிலிட்டரில் இப்படி 200 குழிக்கான நீர் இருக்கிறது. ஆக 29 துகள். 28,800 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 0.001.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. 13 என்பது சின்ன எண். அதன் 95 சதவீத நம்பக இடைவெளியைப் போட்டால் விடை 0.0006-லிருந்து 0.0017 வரை எங்கும் இருக்கலாம். ஒரே ஒரு குழி உறைந்தால் மேல்வரம்பு கீழ்வரம்பைப் போல முப்பது மடங்கு. அந்த முதல் புள்ளியை வைத்து ஒருபோதும் முடிவு சொல்லாதீர்கள். மறுமுனையில், எல்லாக் குழியும் உறைந்துவிட்டால் எண்ண ஒன்றுமில்லை. கரைசலை 15 மடங்கு நீர்த்து, மறுபடி ஓட்டி, ஒவ்வொரு வெப்பநிலையிலும் எத்தனை துகள் என்று காட்டும் இரண்டு வளைவுகளையும் இணையுங்கள்.

வெற்று மாதிரியைக் கழிப்பதிலும் ஒரு பொதுவான பிழை உண்டு. உறைந்த குழிகளின் பங்கிலிருந்து நேராகக் கழிக்கக் கூடாது. இரண்டையும் ‘வடிகட்டிக்கு எத்தனை துகள்’ என்று மாற்றிய பிறகு கழியுங்கள். மாதிரியில் 29, வெற்று மாதிரியில் 5 என்றால் 24 மிஞ்சும், நல்ல அளவீடு. அதே காற்றை ஆறு மணி நேரம் மட்டும் இழுத்திருந்தால் மாதிரியில் 7 சேர்ந்திருக்கும், அதோடு அந்த 5-உம் கலந்திருக்கும். அதை வெளியிட முடியாது. நீண்ட நேரம் ஓட்டச் சொன்னதன் முழுக்காரணம் இங்கேதான் தெரியும்.

எட்டாம் படி: எங்கிருந்து வந்தது?

மீதிக் கரைசலை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கை 95 டிகிரியில் இருபது நிமிடம் சூடாக்கி மறுபடி உறையவைத்தால், புரதத்தால் ஆன பனிக்கருக்கள் செயலிழந்திருக்கும். வளைவு எவ்வளவு கீழே விழுந்ததோ அவ்வளவு உயிரியல் பங்கு. இன்னொன்றை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து சூடாக்கினால் கரிமப்பொருள் பெரும்பாலும் அழிந்து கனிமம் மிஞ்சும். எஞ்சிய பெராக்சைடை நொதி போட்டு நீக்க மறந்துவிடாதீர்கள். அது உறைநிலையையே கீழே இறக்கிவிடும். சூடாக்குவது சில கனிமங்களின் திறனையும் குறைக்கும் என்று தெரிந்திருக்கிறது. எனவே சூட்டில் விழுந்ததெல்லாம் பாக்டீரியா என்று அடித்துச் சொல்லாதீர்கள். காற்று எந்த வழியாக வந்தது என்று காட்டும் பின்னோக்கிய பாதை, கடல்பனி எவ்வளவு விலகியிருந்தது, நிலம் பனியில்லாமல் இருந்ததா, இவற்றையும் பக்கத்தில் வைத்துப் பேசினால்தான் நியாயம்.

மேகத்தில் ரேடார் காட்டும் படிக எண்ணிக்கையோடு உங்கள் எண் பொருந்தவில்லை என்று பதற வேண்டாம். மைனஸ் 3 முதல் மைனஸ் 8 வரையான பகுதியில், துளிகள் படிகத்தில் மோதி உறையும்போது சில்லுகள் தெறித்துப் புதுப் படிகங்கள் பிறக்கும். அதனால் படிகம் பனிக்கருவைப் போலப் பலமடங்கு இருப்பது சகஜம்.

மூன்றாவது பங்கைத் தொடாமல், தேதியும் மாதிரி எண்ணும் பென்சிலால் எழுதி, திரும்ப மைனஸ் 20-ல் வைத்துவிடுங்கள். தரவைக் கோப்பாக வெளியிடும்போது, ஒவ்வொரு வெற்று மாதிரியின் முழு வளைவையும் அதே கோப்பில் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.